மூன்று துளைப் பலகை

பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் அல்சாஸ் கைமாறும்போதெல்லாம் ஏணியைத் தூக்க வேண்டியவன் நான்தான். பிரெஞ்சுக்காரன் வந்தால் என் பெயர் ழான். ஜெர்மன்காரன் வந்தால் ஹான்ஸ். தெருக்களுக்கும் அதே கதிதான். கழற்றிய பெயர்ப்பலகைகளை எங்கள் ஊரில் தூக்கிப் போட மாட்டோம். திருகாணிகளோடு கட்டி நகர்மன்ற நிலவறையில் வைத்துவிடுவோம். எப்படியும் திரும்பி வரத்தானே போகிறார்கள்!

இப்போது, 1945-இல், மறுபடி பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் பலகைக்கு இரண்டு துளை, ஜெர்மன் பலகைக்கு நான்கு. ஆனால் தேவாலயத் தெருச் சுவரில் முக்கோணமாக வேறு மூன்று துளைகள் இருந்தன.

"டேய் மோரான், இதை எவன்டா போட்டான்?"

"என்னை ஏன்டா கேக்குற? இத்தனை வருஷமா ஏணி மேல நிக்கிறது நீதானே!" என்றான், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மோரான்.

எரிச்சலோடு சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்து மூன்றையும் அடைத்தேன். வேலை முடிந்ததும், கழற்றிய பலகைகளோடு நிலவறைக்கு இறங்கினோம்.

மூலையில் நாங்கள் வைக்காத ஒரு கட்டு இருந்தது. முடிச்சு மட்டும் நான் போடும் முடிச்சு. பலகைக்கு மூன்று துளை. எங்கள் இருவருக்குமே தெரியாத எழுத்து.

"இன்னும் எத்தனை பேருடா வரப்போறீங்க?" என்று அந்தக் கட்டைப் பார்த்தே கத்திவிட்டேன்.

மோரான் கட்டை அவிழ்த்து, ஒரு திருகாணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

அதன் மரையில் நான் அன்று குழைத்த சாந்து ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது.