ஒரு கேள்வியாவது

“என்னையும் ஒரு கேள்வியாவது கேளுங்க சார்!”

உள்ளே போனால் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

எனக்கு முன்னால் போன பெண்ணை அரை மணி நேரம் குடைந்தெடுத்த மேனேஜர், என் சான்றிதழைப் புரட்டக்கூட இல்லை.

“உங்க கம்பெனி டிரைவர் பொண்ணுக்கு ஆபீஸ் வேலையான்னுதானே? ஆளை முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்க!”

“ஆமாம்மா, பண்ணியாச்சு.”

“யாரு அந்த அதிர்ஷ்டசாலி?”

“நீதான். யூனியன் தேர்தல்ல எங்க ஆளை எதிர்த்து நின்ன உங்கப்பா, நேத்து எதுக்கு வாபஸ் வாங்கினார்னு நினைச்சே?”

நெஞ்சு வலி என்றல்லவா வீட்டில் சொன்னார்!

சான்றிதழ்களை வாரிக்கொண்டு எழுந்தேன்.

“நீ வேலையை வேணாம்னாலும் அவர் இனிமே நிக்க முடியாதும்மா.”

“ஏன் நிக்கலைன்னு நான் சொல்லலாம்ல?”

கதவைத் திறந்துபோட்டுவிட்டு, டிரைவர்கள் கூடியிருந்த ஷெட்டை நோக்கி நடந்தேன்.