பெரியவருக்குக் காது கேட்காது

பெரியவருக்குக் காது கேட்காது. அந்த வீட்டில் மருமகளுக்கு இருந்த பெரிய சௌகரியமே அதுதான்.

வந்த அன்றைக்கே தெரிந்துபோன விஷயம் அது. பட்டாளத்தில் இருந்து, ஒரு சண்டையையும் பார்த்துவிட்டு, குடும்பத்தைக் கரையேற்றியவர். மனைவி போன பிறகு ஒரு தகரப் பெட்டியோடு மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த நேரம் சமையலறையில் மருமகள் கணவனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கிற ரெண்டு ரூம்ல உங்கப்பாவை எங்கே வைக்கிறது? என் தலையிலயா?"

சொல்லிவிட்டுத் திரும்பினால், கையில் காலி டம்ளரோடு மாமனார் நிற்கிறார். அவளுக்கு உயிரே போய்விட்டது.

பெரியவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

"ஏதாவது சொன்னியாம்மா? சண்டையில பக்கத்துலயே குண்டு வெடிச்சதுல போன காது. கொஞ்சம் சத்தமா சொல்லணும்."

"தண்ணி வேணுமான்னு கேட்டேன் மாமா!" என்று கத்தினாள். போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாவுக்கு இவ்வளவு மோசமில்லையே..." என்று கணவன் முழித்தான்.

"வயசாச்சுல்ல, விடுங்க" என்று முடித்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. கெட்டவள் இல்லை. சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, பஸ் பிடித்து வேலைக்கு ஓடி, திரும்பி வந்து மறுபடியும் அடுப்படியில் நிற்கிறவள். மனசில் இருப்பதை எங்கேயாவது கொட்டித்தானே ஆகவேண்டும்? பெரியவர் பேப்பர் படிக்கும் அதே ஹாலில் உட்கார்ந்து, அக்காவுக்குப் போன் போட்டுக் கொட்டுவாள்.

"இருமி இருமியே தூக்கத்தைக் கெடுக்குதுக்கா பெருசு."

மறுநாள் பெரியவர் தாமாகவே கட்டிலைப் பின்பக்கத்துச் சாமான் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "இங்கேதாம்மா குளிர் தெரியலை."

"முட்டி விட்டுப்போச்சுக்கா. துணி காயப்போட மாடி ஏறி இறங்க முடியலை."

மறுநாள் துணிக்கூடை பெரியவர் இடுப்பில் இருந்தது. "டாக்டர் என்னைப் படி ஏறி இறங்கச் சொல்லியிருக்காரும்மா."

நமக்கு நேரம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒருநாள் வேலை செய்யும் இடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கோபமும் அக்காவிடம்தான் இறங்கியது.

"சண்டையில எத்தனையோ பேர் போனாங்களாம். இது மட்டும் தப்பிச்சு வந்து என் உயிரை எடுக்குது."

அன்று ராத்திரி பெரியவர், "வயிறு சரியில்லைம்மா, சாப்பாடு வேண்டாம்" என்றார். ஒரு தட்டு கழுவுகிற வேலை மிச்சம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

போன வாரம் பெரியவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். யாருக்கும் ஒரு தொந்தரவும் வைக்கவில்லை.

வீட்டில் எல்லாருடைய ஷூவுக்கும் தினமும் பாலிஷ் போட்டு, அணிவகுப்பு மாதிரி வரிசையாக வைப்பார். மறுநாள் வாசலில் தாறுமாறாகக் கிடந்த பிள்ளைகளின் ஷூவைப் பார்த்ததும் அவளுக்கு நிஜமாகவே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: "காது கேட்காத மனுஷர். தொண்டை வத்தக் கத்திக் கத்திப் பார்த்துக்கிட்டேன்."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமகளா!" என்று சொந்தக்காரர்கள் உருகினார்கள்.

அப்போதுதான் தடியை ஊன்றிக்கொண்டு அந்த மீசைக்காரர் உள்ளே வந்தார்.

"நானும் அவனும் ஒரே பட்டாளம்!" என்று வீடே அதிரும்படி ஆரம்பித்தார். "நான் இன்னிக்கு உயிரோட நிக்கிறேன்னா அவன் காதாலதான்! நாங்க எல்லாரும் அசந்து தூங்கறோம், அவன் காவல். தூரத்துல புல்லு மிதிபடற சத்தம், அது கேட்டிருக்கு அவனுக்கு! எங்களை எழுப்பிவிட்டுட்டான்."

"அந்தக் காதுதான் ஐயா குண்டுச் சத்தத்துல போயிடுச்சு" என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்தபடி.

"ஆங்?" மீசைக்காரர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

அவள் சத்தமாகத் திரும்பச் சொன்னாள்.

"அவனுக்கா? குண்டுல காது போனது எனக்கும்மா! தினம் சாயந்திரம் பார்க்குலேர்ந்து எனக்குப் போன் பண்ணுவான். 'ஏண்டா கத்தறே, எனக்கு நல்லாத்தான் கேக்குது'ன்னு திட்டுவான்!"

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கட்டில், துணிக்கூடை, சாப்பிடாமல் படுத்த அந்த ராத்திரி எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தினமும் போனில் பேசியிருக்கிறார். அத்தனையையும் இவரிடம் சொல்லியிருப்பாரே! இந்த மனுஷர் வாயைத் திறந்தால் ஹால் முழுக்க, ஏன், தெரு முழுக்கக் கேட்குமே!

கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால், கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" குரல் உள்ளேயே போய்விட்டது.

"ஆங்? சத்தமா சொல்லும்மா!"

ஹாலே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா... என்னைப் பத்தி என்ன சொன்னார்?"

மீசைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது.

"சொல்லாம இருப்பானா? 'தங்கமான பொண்ணுடா என் மருமக. இத்தனை வருஷத்துல என் காதுபட ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை'ன்னு வாய்க்கு வாய் சொல்லுவாம்மா!"