குறையாத தண்ணீர் பாட்டில்

"சுகர்தான். இதுல சந்தேகமே வேண்டாம். உங்கப்பாவுக்கு இருக்கு, உங்க சித்தப்பாவுக்கு இருக்கு. வேற எங்கேருந்து வரும்?"

டாக்டரின் அறை இன்னும் திறக்கவில்லை. அதற்குள் குருவியின் அப்பா நோயையும் கண்டுபிடித்து, அது வந்த வழியையும் கண்டுபிடித்துவிட்டார். மருந்துச் சீட்டு எழுதுவது ஒன்றுதான் பாக்கி.

அம்மா தன் தோளில் சாய்ந்து கிடந்த மகளின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்குக் கை இப்படியா குச்சி மாதிரி இருக்கும்? குருவி என்று செல்லப்பேர் வைத்ததற்காகக் குருவி கனமே இருக்க வேண்டுமா?

கொஞ்ச நாளாக இதே கதைதான். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓட்டம். பிறகு தம்ளர் தம்ளராகத் தண்ணீர். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போவது. மதியச் சாப்பாடு முக்கால்வாசி அப்படியே திரும்பி வரும். இது சுகரா, இல்லை மனசில் ஏதாவது பாரமா என்று அம்மா போனில் தேடாத தேடல் இல்லை. இந்த வயதில் ஆரம்பித்தால் ஆயுசுக்கும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாமே.

"ஸ்ட்ரெஸ்ஸாக்கூட இருக்கலாம்ங்க. ஸ்கூல்ல என்ன நடக்குதோ..." என்று மெல்ல இழுத்தாள்.

"ஸ்ட்ரெஸ்ஸா? இவ என்ன வேலைக்குப் போறாளா, குடும்பம் நடத்துறாளா? அந்த ஸ்கூல்ல ஒரு சீட்டு கிடைக்காதான்னு ஊரே தவம் கிடக்குது. அங்க படிச்சா இவளுக்கு ஸ்ட்ரெஸ் வருமாம்."

பள்ளிக்கூடத்தைத் தொட்டால் அவருக்குப் பொறுக்காது. மாமனாரை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், பாவம், அந்த மனிதர் வாயைத் திறக்க மாட்டார். பள்ளியை மட்டும் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அங்கே பிள்ளைகள் கோடு போட்டது போல் வரிசையில் நடப்பதையும், வகுப்பு நேரத்தில் ஓர் ஈ காக்கை வெளியே தெரியாததையும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட விலாவாரியாகச் சொல்லுவார். அந்த ஆள் இறங்கும் ஸ்டாப் போய்விட்டாலும் விட மாட்டார்.

ஆஸ்பத்திரியிலும் சும்மா இருக்க முடியவில்லை. காத்திருந்தவர்களை டோக்கன் நம்பர் பிரகாரம் எழுப்பி எழுப்பி மாற்றி உட்கார வைத்தார். விடாமல் இருமிய ஒருவரை ஒரு முறை முறைத்ததில், அந்த ஆள் இருமலை விழுங்கப் பழகிக்கொண்டார். பாதி வைத்தியம் வெளியிலேயே முடிந்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா குருவியின் விரலில் ஒரு குத்து குத்தி, ஒரு துளி ரத்தத்தை மெஷினில் வைத்தார். அம்மா மெஷினைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுகரெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நார்மல்."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாவுக்குத்தான் பெரிய ஏமாற்றம். மெஷினில் பேட்டரி சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். டாக்டரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பகலில் குழந்தை எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டார்.

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் ஒரு வாய்கூடக் குறையாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. சோம்பேறித்தனம் என்று நினைத்து, திட்டிவிட்டு அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டியிருக்கிறாள். மனசு சுருக்கென்றது.

"ஏன்டா கண்ணு, ஸ்கூல்ல தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்றார் டாக்டரம்மா.

குருவி அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"குடிச்சா அவசரமா வரும் டாக்டர். கிளாஸ் நேரத்துல போகக் கூடாது. போனா, 'நான் நேரத்தை வீணாக்குகிறேன்'னு எழுதின அட்டையைக் கழுத்துல மாட்டி விடுவாங்க. சாயங்காலம் வரைக்கும் கழட்டக் கூடாது. எனக்கு ஒரு தடவை மாட்டிட்டாங்க. இடைவேளையில லைன் நகர்றதுக்குள்ள பெல் அடிச்சிடும். சாப்பிட்டா தண்ணி தவிக்கும், அதான் சாப்பாடும் வேண்டாம்னு வச்சிடுவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"பகல் பூரா தாகத்தையும் அடக்கி, வந்ததையும் அடக்கிட்டு, வீட்டுக்கு வந்து மொத்தமா குடிச்சா ராத்திரி எழுந்துக்காம என்ன பண்ணும் குழந்தை? இது சுகர் இல்ல, பயம். எந்தப் புத்திசாலிம்மா இந்த ரூலைப் போட்டது? பிள்ளை குட்டி இல்லாத ஆளா?"

அம்மா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. மகள் இத்தனை நாள் தன்னிடம்கூட இதைச் சொல்லவில்லையே. அப்பாவுக்கோ திடீரென்று மின்விசிறியின் மேல் அக்கறை வந்துவிட்டது. அண்ணாந்து அதையே பார்த்தபடி, அவ்வளவு பிள்ளைகள் படிக்கிற இடத்தில் டிசிப்ளின் என்று ஒன்று வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தார்.

அடக்கி அடக்கி உள்ளே புண்ணாகியிருக்கலாம், எதற்கும் யூரினை டெஸ்ட் பண்ணிவிடலாம் என்று டாக்டரம்மா ஒரு சின்ன டப்பாவைக் குருவியின் கையில் கொடுத்து, பாத்ரூம் கதவைக் காட்டினார்.

"போயிட்டு வாடா தங்கம். இங்க உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கதவு வரை போன குருவி அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி வந்து, அப்பாவின் முன்னால் விறைப்பாக நின்று, வலது கையை உயர்த்தினாள்.

"போகட்டுமா, ஹெட்மாஸ்டர் சார்?"