ஒரு எம்பி பிளாக்

"மலையில சிக்னல் வருதுங்களா சார்?" வாணியம்பாடி கம்பெனியிலிருந்து கௌசர் கேட்டாள்.

"ஜவ்வாது மலைக்குப் புது டவர் வந்துடுச்சும்மா. மழையிலயும் கட் ஆவாது. இன்னா பிரச்சனை?" என்றான் கம்ப்யூட்டர் ஆலோசகன் வெற்றிச்செல்வன்.

"கம்பெனி டேட்டா மொத்தம் சேமிக்கிற ஹடூப்ல, ஃபைல் லிஸ்ட் வச்சிருக்கிற சர்வர் படுத்துக்கிச்சு சார்."

லேப்டாப்பில் செட்டிங்கைத் திறந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். ஃபைலை வெட்டி வைக்கும் துண்டான பிளாக், 128 எம்பி இருக்க வேண்டியது, ஒரே எம்பி! ஃபைலெல்லாம் கோடிக்கணக்கான துண்டுகளாகி, லிஸ்ட் வீங்கிக் கிடந்தது.

"த்தூ! எவன் வச்சான் இத? சோறுதான் துன்றானா?"

"சின்ன பிளாக் வச்சா டிஸ்க் மிச்சம்னு யூடியூப்ல ஒருத்தர் சொன்னாருங்க."

"எந்தக் கழுதை? லிங்க் அனுப்பு, நாறடிக்கிறேன்."

லிங்க் வந்தது. வீடியோவில் புளியமரத்தடியில் உட்கார்ந்து சிரித்தபடி பேசிக்கொண்டிருந்தவன், நாலு வருடத்துக்கு முந்தைய வெற்றிச்செல்வன்.

"அதனாலதான் சார் உங்களையே கூப்ட்டேன்."

"ஹலோ... ஹலோ... சிக்னலே இல்லம்மா!"