நடமாட்டம்

"மச்சான், வீட்டுல ஒருத்தர் விடாம கூட்டிட்டு வா. சாயங்காலம் வரைக்கும் எங்க தெருவுல நடந்துகிட்டே இருக்கணும்!"

சலூன்காரர் போனை வைத்தார்.

"எதுக்குங்க இந்தக் கூத்து?" என்றாள் மனைவி.

"இந்த ஏரியாவையே புதுசாக் கட்டப் போறாங்க. ஆள் நடமாட்டம் இல்லாத தெருவை இடிச்சிடுவாங்களாம். முனையில ஒரு ஆபீசர் போறவங்க வர்றவங்களை எண்ணிட்டிருக்கார் பாரு. நம்ம கடை பொழைக்க வேணாமா?"

மனைவி செருப்பை மாட்டினாள். மச்சான் குடும்பம் பதினைந்து முறை நடந்தது. பக்கத்துக் கடைக்காரர்களும் சொந்தபந்தங்களை இறக்கினார்கள். தெரு திமிலோகப்பட்டது.

மாலையில் அந்த ஆபீசரே ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு சார் தேறிச்சு?"

"மூவாயிரத்தைத் தாண்டிடுச்சு."

"அப்போ கடை தப்பிச்சிடுச்சு!" சலூன்காரர் நுரையைத் தாராளமாகப் பூசினார்.

"யாருங்க சொன்னது? போன மாசம் எண்ணினப்போ முந்நூறு பேர்தான். அப்படியே விட்டுடலாம்னு இருந்தோம். இவ்வளவு கூட்டத்துக்குப் பதினஞ்சடித் தெரு எப்படிப் போதும்? ரெண்டு பக்கமும் கடைகளை இடிச்சு அகலப்படுத்தியே ஆகணும்."

கத்தி கன்னத்தருகே நின்றது. வெளியே இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள்.