கூட்டச் சொன்னால் ஒட்டும் மொழி

"அண்ணே, சாமி சத்தியமா சொல்றேன், நானே உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்" என்றார் தம்புசாமி. தேர்தலில் ஜெயித்தவர் அவர்.

காலையில் சேகரனின் கோயில் தலைவர் பதவி பறிபோனது. மத்தியானம் ஆகியும், கூட்டத்துக்குப் போட்டுப் போன பட்டுச் சட்டையை அவர் கழற்றவில்லை. செலண்டார் டவுனிலிருந்து ஆறுதல் சொல்ல வந்த அத்தனை பேரும் அவருக்கே ஓட்டுப் போட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அது வழக்கம்தான், அவர் ஒருவரையும் நம்பவில்லை. ஆனால் எதிராளியே வந்து அதைச் சொன்னபோது அவருக்குக் கணக்கின் மேலேயே சந்தேகம் வந்தது.

தம்புசாமி பதவிக்கு ஆசைப்பட்டவர் இல்லை. எதிர்த்து ஒரு ஆள் நின்றால்தான் ஜெயிப்பதில் ஒரு கௌரவம் என்று சேகரனே கெஞ்சி நிறுத்திய ஆள். இப்போது, திருவிழா பெர்மிட்டுக்கு எந்த ஆபீஸுக்குப் போவது என்றே தனக்குத் தெரியாது, பதவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோயிலுக்கு எஸ்டேட்டுத் தோட்டத்திலும் டவுனிலுமாக இரண்டு இடத்தில் ஓட்டு நடக்கும்; எண்ணிக்கையை வெளியே சொல்வதில்லை. சொன்னால், தோற்றவர் அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்கு வருவதில்லை. அதனால் கம்ப்யூட்டர் ஜெயித்தவரின் பெயரை மட்டும் காட்டும். ஏற்பாடு சேகரனுடையது. புரோகிராம் ஊர்ப் பெண் அனுசியாவுடையது. டுரியான் துங்கால் பல்கலைக்கழகத்தில் படித்தபோது எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போது புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சேகரன் போன் செய்ததும் லேப்டாப்போடு வந்து சேர்ந்தாள்.

சேகரனின் மனைவி கமலவேணி எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தார். அனுசியா எண்ணிக்கையைத் திறந்தாள்.

சேகரன்: 389. தம்புசாமி: 510.

தம்புசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. கோயிலில் மொத்த உறுப்பினர்களே நூறு பேர் இல்லை.

அனுசியா இரண்டு இடத்துக் கணக்கையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தாள். "அங்கிள், தோட்டத்துல உங்களுக்கு முப்பத்தெட்டு ஓட்டு, டவுன்ல ஒன்பது. தம்புசாமி அங்கிளுக்குத் தோட்டத்துல அஞ்சு, டவுன்ல பத்து. இது கூட்டவே இல்ல. முப்பத்தெட்டுக்குப் பக்கத்துல ஒன்பதை அப்படியே ஒட்டி வச்சிருக்கு."

தோட்டத்துக் கணக்கைப் போனில் தட்டி அனுப்பியதால் அது கம்ப்யூட்டருக்கு வெறும் எழுத்தாக வந்திருக்கிறது. டவுன் கணக்கைக் கம்ப்யூட்டரே எண்ணியதால் அது எண்ணாக இருந்திருக்கிறது. அதுதான் வினை என்று சொல்லிவிட்டு, அனுசியா குரலைத் தாழ்த்தினாள்.

"கண்டிப்பான கம்ப்யூட்டர் மொழின்னா, எழுத்தோட எண்ணைக் கூட்டச் சொன்னா முடியாதுன்னு அந்த இடத்துலயே நின்னுடும். நான் எழுதினது கொஞ்சம் லூசான மொழி. எதைக் குடுத்தாலும் அனுசரிச்சுப் போயிடும்."

"லூசுன்னு தெரிஞ்சுமா கோயிலுக்குக் குடுத்தே?"

அப்போது அது சுலபமாக இருந்தது என்றாள் அனுசியா. சேகரன் கண்டிப்பின் அருமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். பொதுக்கூட்டம் ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்டவர்களையெல்லாம் 'கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கலா' என்று சொல்லி அனுப்பியவர் அவர்தான். தம்புசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அனுசியா அங்கேயே உட்கார்ந்து புரோகிராமைக் கண்டிப்பான மொழி ஒன்றில் மாற்றி எழுதினாள். முதல் தடவை ஓட்டியபோது, இது எழுத்து, அது எண், கூட்ட முடியாது என்று சிவப்பில் சொல்லிவிட்டு நின்றது. சேகரன் அந்தச் சிவப்பு வரியை மரியாதையோடு பார்த்தார். எழுத்தை எண்ணாக மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினாள்.

தலைவர்: சேகரன்.

தம்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேகரனுக்கு இப்போதுதான் பசித்தது. ஆனாலும் ஒரு யோசனை. இதை ஊர் நம்ப வேண்டுமே. தோற்றவன் வீட்டில் உட்கார்ந்து கணக்கை மாற்றிவிட்டான் என்று பேச்சு வருமே.

"விடை தெரிஞ்ச கணக்கைப் போட்டுக் காட்டினா யாரும் வாய் திறக்க மாட்டாங்க" என்றார். "போன தேர்தலைப் போடும்மா. நான் ஜெயிச்சது ஊருக்கே தெரியும்."

"அது பழைய கதை, இப்ப எதுக்குங்க?" என்றார் கமலவேணி.

"நீ சும்மா இரு. கண்டிப்புன்னா எல்லாத்துக்கும் கண்டிப்பா இருக்கணும்."

அனுசியாவும் அதுதான் முறை என்றாள். போன தேர்தல் அதே லூசான மொழியில் நடந்தது. ஓட்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஓட்டினாள்.

பெயர் வந்தது. அனுசியா திரையைப் பார்த்தாள், சேகரனைப் பார்த்தாள், இன்னொரு தடவை ஓட்டினாள். அதே பெயர். சேகரன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

தம்புசாமி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்து, கதவோரம் காலித் தட்டோடு நின்ற கமலவேணியைப் பார்த்துக் கைகூப்பினார். எதிர்த்து நிற்க ஊரில் ஒருவரும் அகப்படாததால், போன தேர்தலில் சேகரன் வீட்டுக்குள்ளிருந்தே பிடித்து நிறுத்திய ஆள் அவர்தான்.