சாவு வீட்டுப் பங்கு

மணிலாவின் அந்தச் சந்தில், பதப்படுத்திய உடல் இருந்த சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே சீட்டாட்டம் நடந்தது. ஜெயித்தவர்கள் வழக்கப்படி சாவு வீட்டுக்கான பங்கை நர்சிசாவின் டப்பாவில் போட்டார்கள்.

கவுன்சிலர் எஃப்ரென் வந்தார். "ஒன்பது நாளாச்சுக்கா. எப்பதான் எடுக்கப் போறீங்க? சாவு வீடுன்னுதான் போலீஸ் இந்தச் சீட்டாட்டத்தைக் கண்டுக்காம இருக்கு."

"ஆஸ்பத்திரி பில்லுக்கு இன்சூரன்ஸ்ல பாதிதான் குடுத்தாங்க தம்பி. மீதி சேரணுமே."

"அதுக்காக, கூடப் பொறந்த அண்ணனை இப்படிப் போட்டு வைக்கலாமா?"

அவள் தலைகுனிந்தாள். கவுன்சிலர் டப்பாவில் ஐந்நூறு பெசோ போட்டுவிட்டுப் போனார்.

கைபேசி ஒலித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கணவன் ரூஃபினோ.

"உடம்பு குணமாகிப் பத்து நாளாச்சு. பில் கட்டாம வெளிய விடமாட்டேங்கறாங்க. படுக்கைக்குத் தினமும் மூவாயிரம் ஏத்துறாங்க."

"டப்பாவுலயும் தினமும் அவ்வளவுதாங்க விழுது."

"அந்த ஆளைத் தேடி யாராவது வந்தாங்களா?"

"அண்ணன்னு சொல்லி நான் வாங்கிட்டு வர்ற வரைக்கும் பிணவறைக்கே யாரும் வரலை. இங்க யாரு வரப் போறா?"

போனை வைத்துவிட்டுப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே, பெயர்கூடத் தெரியாத முகம்.

"இன்னும் ஒரே ஒரு நாள், அண்ணே."

நேற்றும் இதையேதான் சொன்னாள்.